இனிப்பு நீர் ஆய்வில் நான் குடித்த தேநீர்

வீடு வீடாகப் போய், முன்பின் தெரியாதவர்களிடம் அவர்கள் வியாதியை விசாரிப்பதுதான் என் வேலை. இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று இப்போதே பயமாக இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பான படிவம் மூன்றோடு பள்ளியை விட்டவள், ஆராய்ச்சியைப் பற்றி என்ன எழுதிவிட முடியும்? யார் பெயரையும் சொல்லமாட்டேன் என்று கையெழுத்து வேறு போட்டிருக்கிறேன்.

என்னை வேலைக்கு வைத்திருப்பவரை டாக்டர் யாழினி என்று வைத்துக்கொள்ளுங்கள். பினாங்குப் பெண்தான். டாக்டர் பட்டம் வாங்கிய பிறகும் பல்கலைக்கழகத்தில் இன்னும் பயிற்சியில் இருக்கிறார். நாட்டில் கொஞ்சம் பேராக இருக்கும் நம்மவர்கள், இனிப்பு நீர் என்கிற நீரிழிவு முற்றிய பிறகே ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள் என்று கண்டுபிடிப்பது அவர் பயிற்சி. தமிழில் பேசி முப்பத்தாறு கேள்விகளுக்குப் பதில் வாங்கி வருவது என் பாடு. எனக்கும் இனிப்பு நீர் உண்டு. மாத்திரையில் ஓடிக்கொண்டிருக்கிறது, இன்சுலின் ஊசி என்று கேட்டாலே எழுந்து ஓடத் தோன்றும். கதவு தட்டிப் பிழைப்பவர்களே, மீதியை நீங்களே புரிந்துகொள்வீர்கள்.

எந்த டாக்டர்?

முதல் வாரம் டாக்டரும் கூடவே வந்தார். ஜெலுத்தோங் அடுக்குமாடியில் ஒரு பெரியவர், "டாக்டர்" என்ற சொல் காதில் விழுந்ததுமே காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துவிட்டார். பெருவிரலில் புண். "ஐயா, நான் மருந்து கொடுக்கிற டாக்டர் இல்ல, ஆராய்ச்சி டாக்டர். அதுலயும் இன்னும் பயிற்சிலதான் இருக்கேன். நீங்க இன்னிக்கே கிளினிக் போகணும்" என்று டாக்டர் யாழினி கெஞ்சினார்.

பெரியவர் காலை மெதுவாகக் கீழே இறக்கினார். என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "பாவம்லா, முதல்ல படிச்சு முடிச்சிட்டு வரச் சொல்லும்மா. புண்ணு எங்கயும் போயிடாது."

பதினோராம் கேள்வி

ஒரு நாளைக்கு எத்தனை கரண்டி சீனி சேர்க்கிறீர்கள் என்பது பதினோராம் கேள்வி. பட்டர்வொர்த்தில் ஒரு அக்கா, "சீனியே தொடுறதில்ல" என்று சொல்லிக்கொண்டே எனக்குத் தேநீர் கலக்கினார். சீனி போட்டுக் காய்ச்சிய டின் பால் நூல் மாதிரி இறங்கிக்கொண்டே இருந்தது. பதில் என்னவாக இருந்தாலும் முகத்தில் எதையும் காட்டக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது என்பது எங்களுக்குச் சட்டம். குனிந்து "இல்லை" என்று எழுதிக்கொண்டேன்.

"அக்கா, எனக்கு கோசோங் போதும்" என்றேன். கோசோங் என்றால் சீனியும் இல்லை, பாலும் இல்லை. அவர் கரண்டியை நிறுத்தவே இல்லை. "கோசோங்கா? வீட்டுக்கு வந்தவளுக்கு வெறுந்தண்ணி கொடுத்தேன்னு பேரு வாங்கவா? குடிங்கம்மா, இது சீனி இல்ல, பால்தானே!"

இப்படி ஒரு நாளைக்கு ஏழு வீடு, எட்டு வீடு.

வேண்டாம் என்றேன்

கெப்பாலா பத்தாஸில் ஒரு நாள் துணிந்து, வந்த தேநீரைக் கையால் தள்ளி வைத்தேன். அதுவரை வாய் ஓயாமல் பேசிய அந்த அம்மா, அதற்குப் பிறகு எந்தக் கேள்விக்கும் "இல்ல", "தெரியாது" என்ற இரண்டு சொல்லைத் தவிர வேறெதுவும் தரவில்லை. அலமாரிமேல் மாத்திரைப் பொட்டலம் இருந்தது. மாத்திரை எடுக்கிறீர்களா என்ற கேள்விக்கும் "இல்ல" தான்.

வாசலில் செருப்பை மாட்டும்போது, உள்ளே அவர் தம் கணவரிடம் சொன்னது காதில் விழுந்தது: "நம்ம கையால தண்ணி குடிக்கமாட்டாங்களாம். நம்ம வியாதி மட்டும் வேணுமாம்."

அந்தப் பேச்சு இரண்டு நாள் என்னைச் சாப்பிடவிடவில்லை. மூன்றாம் நாளிலிருந்து கொடுத்ததையெல்லாம் குடித்தேன்.

என் முறை

கிளினிக்கில் என் இரத்தத்தைப் பார்த்த தாதி மிஸ்ஸி, சீனி அளவை இரண்டு தடவை படித்தார். "அடுத்த தடவையும் இப்படியே இருந்தா ஊசிதான்" என்றார். வேலைக்காகக் குடிக்கிறேன் மிஸ்ஸி என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அப்படி என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன்.

அவர் பேனாவை மூடிவிட்டு என்னையே பார்த்தார். "ஆராய்ச்சின்னா நீங்களே இனிப்பு நீரை ஏத்திக் காட்டணுமாக்கா?"

வாயில் வந்தது

மறுநாள் முதல் வீட்டிலேயே தேநீர்த் தட்டு நீண்டது. எப்படி வந்ததோ தெரியவில்லை, "விரதம்மா, தண்ணீர்மலை முருகனுக்கு நேர்ந்திருக்கேன், வெளியில எதுவும் தொடுறதில்ல" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண் தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். டம்ளரைக் கழுவிப் பச்சைத் தண்ணீர் கொண்டுவந்து, தரையில் என்னருகே உட்கார்ந்தாள். முப்பத்தாறு கேள்விக்கும் பதில் வந்தது. கணவனுக்குத் தெரியாமல் நிறுத்திய மாத்திரையைக்கூடச் சொன்னாள். கிளம்பும்போது, "பால்குடம் எடுக்கிறப்ப சொல்லுங்கக்கா, குடும்பத்தோட வர்றோம்" என்றாள். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் உறைத்தது. நான் முருகன் பெயரில் பொய் சொல்லியிருக்கிறேன்.

டாக்டர் யாழினியிடம் போய் அப்படியே ஒப்புக்கொண்டேன். அவர் அந்த வீட்டுப் பதில் தாளைத் தனியாக எடுத்து வைத்தார். கோபமில்லை, ஆனால் குரல் கறாராக இருந்தது. "அக்கா, பொய் சொல்லி வாங்கின பதிலை நான் சேர்த்துக்க முடியாது. இனிமே எந்த வீட்டுலயும் உண்மைதான் சொல்லணும்."

ஆகவே அன்று மாலையே தண்ணீர்மலைப் படிகளை ஏறி, ஆய்வு முடியும்வரை எந்த வீட்டுத் தேநீரையும் தொடுவதில்லை, தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பது என்று உண்மையாகவே நேர்ந்துகொண்டு இறங்கினேன். ஊசிக்கும் முருகனுக்கும் டாக்டருக்கும் ஒரே நேரத்தில் பயப்படுகிறவள் வேறு என்னதான் செய்வாள்?