வாழைக்கறைக்குப் போட்ட சட்டை

1. முதல் நாள்

சின்னமனூர்ப் பக்கம் எங்கள் கம்பெனி. வாழைத்தார் வெட்டின பிறகு தோட்டத்தில் சும்மா கிடக்கிற வாழைமரத்தை லோடு அடித்துக் கொண்டுவருவார்கள். கிரஷரில் விட்டு நாராக்கி, காயவைத்து, மக்காச்சோள மாவும் கிளிசரினும் சேர்த்து உருக்கினால் பிளாஸ்டிக் மாதிரியே ஷீட் வரும். அதில் நாற்றுப் பை செய்து மலைக்கு, ஏலத்தோட்டத்துக்கு அனுப்புகிறோம்.

என்னையும் பேச்சி மதினியையும் ஒரே நாளில் எடுத்தார்கள். என் பெரியப்பா மகன் சம்சாரம் அது. அண்ணன் செத்துப்போனார். தார் சுமந்து மதினிக்கு இடுப்பும் போச்சு. காட்டு வேலைக்கு இனி யாரும் கூப்பிட மாட்டார்கள். இந்த நிழல் வேலை போய்விடக்கூடாது, அதுதான் அதற்கு எந்நேரமும் கவலை.

முதலாளி ஒரு பையைக் காட்டி, மண்ணில் போட்டால் சில மாதத்தில் மண்ணாகிவிடும் என்றார்.

"நாங்களும் அப்பிடித்தான் சார்" என்றது மதினி. எல்லாரும் சிரித்தோம்.

2. சட்டை

எங்கள் பக்கம் காட்டு வேலைக்குப் போகிற பொம்பளை, சேலைக்கு மேல் ஆம்பளையின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வாள். வெயிலுக்கும் ஆச்சு, வாழைக்கறைக்கும் ஆச்சு. கறை பட்டால் துணியும் போகும், கையும் அரிக்கும். கம்பெனி கொடுத்த ஏப்ரனுக்குக் கை கிடையாது. கையுறை வரும் வரும் என்றார்கள். வரவில்லை. மிஷினிலும் சட்டையோடுதான் நின்றோம்.

மதினி போட்டது அண்ணன் சட்டை. காட்டன் சட்டை நைந்துபோனதும் பாலியெஸ்டரை எடுத்தது. சட்டை வேண்டாம் என்று சூப்பர்வைசர் ஒருதரம் சொன்னார். கையுறை குடுங்க, கழட்டுறோம் என்று மதினி சொன்னது. அப்புறம் அவர் கேட்கவில்லை.

3. கயிறு

காற்றுக்குச் சாயாமல் இருக்க வாழையை நைலான் கயிற்றால் இழுத்துக் கட்டுவார்கள். வெட்டுகிறவர்கள் அதை அவிழ்ப்பதில்லை. மரத்தோடு லோடில் வரும். பார்க்காமல் உள்ளே போனால் கிரஷர் ரோலரில் சுற்றிக்கொள்ளும். மிஷினை நிறுத்தினால் உள்ளே இருக்கிற தண்டு இறுகிவிடும். மறுபடி போட்டால் மோட்டார் டிரிப் ஆகி நின்றுவிடும். எல்லாவற்றையும் கையால் வெளியே அள்ளிப் போட்ட பிறகுதான் ஓட்டணும். ஏச்சும் விழும். அதனால் ஓட ஓடவே கொக்கி போட்டுக் கயிற்றை இழுப்போம். எல்லாரும் அப்படித்தான்.

அன்றைக்கு மதினி குனிந்து இழுத்தது. கயிறு சட்டைக்கையைச் சேர்த்துச் சுற்றியது. காட்டனாக இருந்தால் கிழிந்திருக்கும். இது கிழியவில்லை. சுவிட்ச் எதிர்ச் சுவரில். ஓடிப்போய் அமுக்கினேன். ரோலர் நின்றபோது மதினி கை முழங்கைக்கு மேல்வரை உள்ளே இருந்தது.



"ஏத்தா, சார்ட்ட சொல்லிராத. வேலைய விட்டு நிப்பாட்டிருவாக" என்றது மதினி.

4. ஆஸ்பத்திரி

தேனி பெரியாஸ்பத்திரியில் கையை எடுத்துவிட்டார்கள். பார்க்கப் போனேன்.

"மிஷினு ஓடுதா?"

"ஓடுது மதினி."

"என் எடத்துல யாரு நிக்கா?"

நான்தான் என்றேன்.

"சட்டையக் கழட்டிட்டு நில்லு" என்றது.

5. இப்போது

சுவிட்சை ரோலர் பக்கத்திலேயே மாற்றிவிட்டார்கள். மதினிக்கு வேலை கொடுக்கவில்லை. ஒரு கையை வைத்துக்கொண்டு இங்கே என்ன செய்வாள் என்றார்கள்.

நான் இப்போது அந்த ஷெட்டுக்கு மேஸ்திரி. புதிதாக வருகிறவர்களும் சட்டையோடுதான் வருகிறார்கள். வாசலிலேயே கழட்டச் சொல்வேன். கறைக்குத் தேங்காயெண்ணெய் வைத்திருக்கிறேன், தடவிக்கொள்ளலாம். முறைப்பார்கள். போன வாரம் ஒருத்தி, "கறை பட்டா யாரு தேய்ப்பா, நீங்களா?" என்றாள். படட்டும் என்றேன்.

கயிறு சுற்றினால் முதலில் சுவிட்ச். மோட்டார் டிரிப் ஆனால் ஆகட்டும். யார் ஏசினாலும் ஏசட்டும். உள்ளே இருக்கிறதை அள்ளிப் போட்டுக்கொள்ளலாம். அள்ளுவதற்கு ரெண்டு கை இருக்கும்.