கேள்வி எண் 31: லிஃப்ட் நின்றுவிட்டால்?

போன செவ்வாய்க்கிழமை காலை, மந்தைவெளியில் எங்கள் அபார்ட்மென்ட் லிஃப்ட், இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவே நின்றுவிட்டது. உள்ளே வைதேகி மாமி. மூன்றாவது மாடியில் தனியாக இருப்பவர். ஆஸ்துமா வேறு.

"யாரு வெளில? இன்ஹேலர் ஆத்துல இருக்கு... ஆத்துச் சாவி என் கையில இருக்கு..."

நான் பதறவில்லை. எதற்குப் பதற வேண்டும்? நான்தான் அசோசியேஷன் செக்ரட்டரி. எல்லாம் என் போனில் இருக்கிறது!

பதவிக்கு வந்த நாளிலிருந்து கேள்விகள்தான். தண்ணி லாரி எப்போ வரும்? மொட்டை மாடியில் வடாம் காயவைக்கலாமா? ஒரே பதிலை எத்தனை முறை டைப் செய்வது? ஒரு நோட்ஸ் ஆப்பை இறக்கி, அடிக்கடி வரும் கேள்விகளை அதில் தொகுத்தேன். மொத்தம் நாற்பத்திரண்டு. தண்ணீருக்கு நீலம், குப்பைக்குப் பச்சை. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் செலவாயின. நான் எழுதியதிலேயே உருப்படியானது அதுதான் என்று மனைவிகூடச் சொன்னாள். குரூப்பில் எல்லோருக்கும் அனுப்பிவைத்தேன்.

மாமி கதவைத் தட்டினார். நான் ஆப்பில் 'லிஃப்ட்' என்று தேடினேன்.

லிஃப்டில் நாயை அழைத்துச் செல்லலாமா? கூடாது. பீரோ ஏற்றலாமா? கூடாது.

"சார்... மூச்சு..."

"இதோ மாமி, ஒரே நிமிஷம்!"

கிடைத்துவிட்டது. கேள்வி எண் 31: லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் என்ன செய்வது? பதில் — உடனடியாக செக்ரட்டரியைத் தொடர்புகொள்ளவும்.

செக்ரட்டரி அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார். வியர்த்துப்போய்.

எனக்குப் பதில் தெரியாத கேள்விக்கெல்லாம் இந்த ஒரே வரியைத்தான் காப்பி செய்து ஒட்டியிருந்தேன்.

தட்டும் சத்தம் நின்றது.

"மாமி? மாமி!"

பதில் இல்லை.

என் கத்தலைக் கேட்டு வாட்ச்மேன் ஏழுமலை படியேறி ஓடிவந்தார். "இன்னா சார், போனப் பாத்துக்கினு நிக்கிற! மேல வா!"

மொட்டை மாடியில் லிஃப்ட் மோட்டார் அறை. அப்படியொரு அறைக்குள் நான் கால் வைத்ததே இல்லை. ஏழுமலை மெயினை அணைத்தார். மோட்டாரிலிருந்த ஓர் இரும்புப் பிடியை என் கையில் திணித்தார்.

"பிரேக்கு சார். இத்த அமுக்கிப் புடி. நான் சொல்ற வரிக்கும் உட்றாத."

பெரிய சக்கரம் ஒன்றை இரண்டு கைகளாலும் சுற்றினார். அங்குலம் அங்குலமாக லிஃப்ட் மேலேறியது. கீழேயிருந்து ஒரு சத்தமும் இல்லை.

"போதும், உடு!"

ஓடினோம். மூன்றாவது மாடிக் கதவை அவரே திறந்தார். மாமி தரையில் உட்கார்ந்திருந்தார். உதடு வெளுத்திருந்தது. பேசாமல் வீட்டுச் சாவியை நீட்டினார். ஏழுமலை பறித்துக்கொண்டு ஓடி, இன்ஹேலருடன் திரும்பினார்.

இரண்டு முறை இழுத்தார் மாமி. மூச்சு மெல்ல மெல்லத் திரும்பியது. எனக்கும்தான்.

"உங்க லிஸ்ட்டப் படிச்சேன் சார். கலரெல்லாம் நன்னா இருந்தது. எழுதறச்சே ஏழுமலைகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கப்படாதோ?"

கேள்வி கேட்பவர்கள் குரூப்பில் இருக்கிறார்கள். பதில் தெரிந்தவர் வாசல் கேட் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். நாம் எங்கே தேடுகிறோம்?

அன்று மாலையே இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் அருகில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு கேள்வியாக வாசித்தேன். அவர் சொல்லச் சொல்லத் திருத்தினேன்.

"பதினோரு வருஷமா இங்க இருக்கீங்க ஏழுமலை. யாருமே உங்ககிட்ட எதுவும் கேட்டதில்லையா?"

"கேப்பாங்க சார். தெனம் ஒரே கேள்விதான்... 'எங்கய்யா போய்த் தொலைஞ்ச?'"