பொட்டு காணாத கண்ணாடி

லேசர் தொழிற்சாலையில் அவளுக்கு 'ஊதாதே அக்கா' என்று பட்டப்பெயர். கண்ணாடிக்குப் பக்கத்தில் யார் மூச்சுவிட்டாலும் "ஊதாதே!" என்று பாய்வாள். பதினெட்டு வருஷமாகக் கண்ணாடி பொருத்துகிறாள். ஒரு குறை சொன்னவர் இல்லை. அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, இருந்துவிட்டுப் போகட்டுமே!

அவள் பொருத்துவது சட்டைப் பொத்தானளவு கண்ணாடி. லேசர்ப் பெட்டிக்குள் ஒளி இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே போய்ப்போய் வந்து பலம் ஏறும். கதிரை வெளியே விடும் கண்ணாடியில்தான் சூட்சுமம். பூச்சு நடுவில் கனமாக இருக்கும்; ஓரம் போகப்போக மெலிந்து இல்லாமலே போய்விடும். நடுவில் படும் ஒளியை அதிகம் திருப்பி அனுப்பும், ஓரத்தில் படுவதைப் போகவிடும். அப்போதுதான் கதிர் திட்டுத்திட்டாக இல்லாமல் சீராக வரும். அவள் அதைச் சரிபார்க்கும் விதம் ஒன்றே ஒன்று: உருப்பெருக்கியை வலக்கண்ணில் இடுக்கி, இடக்கண்ணை மூடி, கண்ணாடியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடிப்பாள். நடுவில் இளமஞ்சளாக ஒரு பொட்டு தெரியும்.

அன்று காலை தெரியவில்லை.

துடைத்துப் பார்த்தாள். வெறும் கண்ணாடி. அடுத்ததை எடுத்தாள், அதற்கடுத்ததையும் எடுத்தாள். மூன்றும் மொட்டை.

"பூச்சு போடுறவன் தூங்கிட்டானா?" என்று திட்டிக்கொண்டே ஒதுக்கி வைத்தாள். வலக்கண் வியர்வையில் கரித்தது. உருப்பெருக்கியை இடக்கண்ணுக்கு மாற்றி மறுபடி பார்த்தாள்.

பொட்டு இருந்தது. மூன்றிலும் இருந்தது.

குறை கண்ணாடியில் இல்லை, வலக்கண்ணில். நேற்று மாலை மூடி திறந்த பெட்டிக்குள் அவள் குனிந்திருந்தாள், பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு. சுவிட்சைப் போடுமுன் "கண்ணு!" என்று கத்தவேண்டும் என்பது அங்கே சட்டம். சோதனை மேஜையில் இருந்தவன் கத்த மறந்து சுவிட்சைப் போட்டுவிட்டான். வேறு யாருமில்லை, அவளே வேலைக்குச் சேர்த்துவிட்ட சொந்தத் தம்பி. வலக்கண்ணுக்குள் சுளீரென்றது. "பட்டுச்சாக்கா?" என்று பதறியவனை, "போடா, ஒண்ணுமில்ல" என்று விரட்டிவிட்டாள். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் ஒன்றின் குறையை மற்றது மூடிவிடும். பாவி, நிம்மதியாகத் தூங்கியும் விட்டாள்!

சொன்னால் தம்பி வேலை போய்விடுமோ என்று பயம். சொல்லாவிட்டால் கண்ணே போய்விடுமோ என்று அதைவிடப் பெரிய பயம். உருப்பெருக்கியைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தாள்.

கண்ணாடி வாங்கிப் போக அவனே வந்து நின்றான்.

"நல்லதையெல்லாம் ஏன்க்கா ஒதுக்கி வச்சிருக்கே?" ஒன்றை ஜன்னலில் பிடித்துப் பார்த்தான். "பொட்டு பளிச்சுன்னு இருக்கே!"

உருப்பெருக்கி அவளுடைய இடக்கண்ணில் இருப்பதைப் பார்த்தான், பிறகு வலக்கண்ணைப் பார்த்தான். அவன் குரல் இறங்கிவிட்டது.

"அக்கா... இடது கண்ணை மூடு. என்னைப் பாரு. தெரியறேனா?"

பார்த்தாள்.

"ரெண்டு காதும் தெரியுதுடா," என்றாள். "உன் மூஞ்சியைத்தான் காணோம்."