பின் இருக்கை

திரும்பாதே, திரும்பாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு துடுப்பு போட்டேன். தண்ணீர் முகத்தில் அறைந்தது. ஒவ்வொரு அலையிலும் கனூ படகின் மூக்கு உள்ளே போய் வந்தது.

நம்பாவிட்டால் போங்கள். போலீஸும் நம்பவில்லை. ஆனால் இந்த ஜூலையில், பட்டப்பகலில், எனக்கு நடந்தது இது.

கனடாவில், வடக்கு மானிடோபாவில் எங்கள் கிரீ பழங்குடி ஊருக்கு ரோடு கிடையாது. மீன்பிடிக்க வரும் பணக்காரர்கள் ஏரியில் இறங்கும் குட்டி விமானத்தில்தான் வருவார்கள். அவர்கள் வருவதற்குள் ஒரு படகை ஆற்று வழியாகக் கீழ் ஏரியில் கொண்டுபோய் விட வேண்டும். நானும் எலைஜா அண்ணனும் கிளம்பினோம். நான் முன்னால். படகைத் திருப்புகிற அண்ணன் பின்னால்.

"நீ பாறையை மட்டும் பாரு. பின்னாடி நான் பாத்துக்கறேன். நுரைத்தண்ணியில திரும்புனே, படகு கவுந்து ரெண்டு பேரும் மீனுக்குச் சாப்பாடு. புரிஞ்சுதா கொசு?"

"நீ தூங்காம வா, குண்டா."

அண்ணன் நல்ல கனம். அவன் பின்னால் உட்கார்ந்தால் என் பக்கம் எப்போதும் தூக்கிக்கொண்டு நிற்கும்.

ஆறு நுரைத்துக்கொண்டு இறங்கும் முதல் இறக்கத்தில் படகு பாறையில் இடித்தது. டங்! ஒரு குலுக்கல். அதற்குப் பிறகுதான் என் பக்கம் தாழ ஆரம்பித்தது.

"அண்ணா! முன்னாடி தண்ணி ஏறுது!"

"மூட்டை சரிஞ்சிருக்கும். போடு, போடு."

அண்ணன் குரல்தான். ஆனால் துடுப்பு போடும் பக்கத்தை மாற்றச் சொல்லும்முன் அவன் துடுப்பால் படகு விளிம்பில் இரண்டு தட்டு தட்டுவான். இப்போது தட்டு வரவில்லை. "மாத்து" என்று மட்டும் வந்தது. மாற்றினேன். படகு கத்தி மாதிரி நேராகப் போனது.

அப்போது, எங்களுக்குப் பின்னால், மேல் ஆற்றில், யாரோ கத்துவது கேட்டது. நீளமாக...

"யாரு அது?"

"லூன் பறவை. அது மனுஷன் மாதிரிதான் கத்தும். நீ போடு."

மறுபடியும் கேட்டது. கேந்த்ரா... என்று.

"என் பேரைச் சொல்ற மாதிரி இருக்குண்ணா."

"ஆமா, பறவையெல்லாம் கூப்பிட நீ பெரிய மகாராணி. போடு கொசு."

சிரித்தான். அண்ணனுடைய சிரிப்பேதான்.

தலைக்கு மேல், அந்தக் குட்டி விமானத்தை ஓட்டும் டெனிஸ் மாமாவின் விமானச் சத்தம். கை தூக்கப் போனேன்.

"கையை எடுக்காதே."

என் காதுக்குள் கேட்டது. பின் இருக்கை அவ்வளவு பக்கத்தில் இல்லை.

போட்டேன்.

கத்தல் தேய்ந்தது...

நின்றது.

படகு மணலில் முட்டியது. திரும்பினேன்.

யாரும் இல்லை. அண்ணனின் துடுப்பும் இல்லை. படகு முழுக்க நனைந்திருந்தது. பின் இருக்கை மட்டும் காய்ந்து கிடந்தது.

அண்ணனை மறுநாள் எடுத்தார்கள். முதல் இறக்கத்துக்குக் கீழே, ஆற்று நடுவில் ஒரு பாறை. ரொம்ப நேரம் அதைப் பிடித்துக்கொண்டு உயிரோடு இருந்திருக்கிறான். விரல்களில் நகம் இல்லை.

அடக்கம் முடிந்து டெனிஸ் மாமா வீட்டுக்கு வந்தார். மூஸ் மான் கறி சூப்பைத் தொடவே இல்லை.

"பாறை மேல ஒருத்தன் சிவப்புச் சட்டையைச் சுத்திட்டு இருந்தான்மா. வேற முகாம் ஆளு, சும்மா கை காட்டுறான்னு நெனச்சேன். நானும் பதிலுக்கு விமானத்து றெக்கையை ஆட்டிட்டுப் போயிட்டேன்."

"அது எங்கண்ணன் மாமா! தெரியலையா உங்களுக்கு?"

"எப்படிம்மா தெரியும்? படகுலதான் ரெண்டு பேர் இருந்தீங்களே. முன்னாடி நீ. பின்னாலேர்ந்து ஒருத்தன் நல்லா எக்கி, உன் காதுல வாயை வெச்சுப் பேசிட்டிருந்தான்..."

இப்போது வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள். ஏரிப்பக்கம் கத்தல் கேட்கிறது. நீளமாக. என் பெயர்தான்.

அன்றைக்கு லூன் என்று நம்பி அண்ணனை விட்டுவிட்டு வந்தேன்.

இன்றைக்கு நான் போகட்டுமா, வேண்டாமா?