பெரியப்பாவுக்கு அடித்த மணி

எங்கள் ஊரில் உயிரோடு இருந்த ஒருவருக்குச் சாவு மணி அடித்த பெருமை எனக்கு மட்டுமே உண்டு. அப்போது எனக்கு ஒன்பது வயது. அடித்தது என் சொந்தப் பெரியப்பாவுக்கு.

முல்லைத்தீவுக் கரையில், சண்டை முடிந்து நாங்கள் திரும்பிக் குடியேறியிருந்த காலம் அது. மாதா கோயிலுக்குக் கூரையும் இல்லை, கோபுரமும் இல்லை. மணி மட்டும் எப்படியோ தப்பிவிட்டது. அதை முற்றத்துப் பாலைமரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கோயிலைக் கூட்டி மணியடிப்பது கிழமைக்கு ஒரு வீட்டின் முறை. மத்தியானச் செபத்துக்கென்றால் மணி மும்மூன்றாக, சுறுக்காக விழவேண்டும். யாராவது இறந்தால் ஒவ்வொன்றாக, நீண்ட இடைவெளி விட்டு அடிப்பார்கள். இது எங்கள் ஊரில் நாய்க்குக்கூடத் தெரியும்.

எங்கள் முறை வந்த கிழமையில் ஒருநாள், காயப்போட்ட கருவாட்டைக் காகத்துக்கு விட்டுவிட்டு வர மனமில்லாமல் அம்மா மத்தியான மணியடிக்க என்னை அனுப்பினார். கயிறு என் சக்திக்கு மிஞ்சிய பாரம். முழுப்பலத்தையும் போட்டுத் தொங்கினால் ஒரு தடவை ‘டாங்’ என்னும். பிறகு நான் நின்று மூச்சு வாங்க வேண்டும். இடையில் எண்ணிக்கையும் தவறிவிட்டது. குறைத்து அடித்தால் மாதா கோபிப்பார் என்று பயந்து, இன்னும் நாலைந்தைச் சேர்த்து அடித்தேன். பெரிய வேலை முடித்த பூரிப்போடு கடற்கரைப் பக்கம் போய்க் கொஞ்சம் சோகிச் சிப்பி பொறுக்கிவிட்டு ஆறுதலாக வீட்டுக்குத் திரும்பினேன்.

பக்கத்துப் பெரியப்பா வீட்டில் ஊரே கூடிவிட்டது. பெரியப்பா வயிற்று வருத்தத்தோடு வவுனியாவில் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு மாதமாகக் கிடந்தார். துக்க மணி கேட்டால் வேறு யாரை நினைப்பார்கள்? கூடவிருந்த பெரியம்மாவின் போனுக்கு எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அது வேலை செய்யவில்லை. பாவம், போன் எடுக்கிற நிலையிலா இருப்பாள் என்று அதையும் சாவுக்குச் சாட்சியாக வைத்துக்கொண்டார்கள். முற்றத்தில் நிழலுக்குத் தறப்பாள் கட்டியாயிற்று. பொதுநோக்கு மண்டபத்துக் கதிரைகளும் வந்துவிட்டன.

வாசல்படியில் மேலுக்குச் சட்டையில்லாமல் அப்பா இருந்தார். அவர் அழுது நான் கண்டதில்லை. அவரும் பெரியப்பாவும் ஒரு வருடமாகக் கதைப்பதில்லை. இரண்டு வீட்டுக்கும் சேர்த்து நிவாரணமாக ஒரு வள்ளம் கொடுத்திருந்தார்கள். அதற்கு அந்தோனியார் பெயரா, செபஸ்தியார் பெயரா என்று தொடங்கிய சண்டை. கடைசியில் பக்கத்துக்கு ஒரு புனிதரை எழுதிவிட்டு, ஆளுக்கொரு நாளாகக் கடலுக்குப் போனார்கள். புனிதர்கள் சமாதானமாகத்தான் இருந்தார்கள்.

"அண்ணை, வாற ஞாயிறு வந்து பாப்பமெண்டெல்லோ இருந்தனான்" என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார். நானும் சேர்ந்து அழுதேன். பக்கத்தில் ஒரு மாமி, "மணி அடிக்கேக்கையே எனக்கு நெஞ்சு பதறினது" என்று சொன்ன பிறகுதான் எனக்கு விஷயம் விளங்கியது. அம்மாவின் சேலையைப் பிடித்து, "அது நான்" என்றேன். செய்தி வந்து யாரோ பெரியவர்கள் என்னிடம் கயிற்றை வாங்கி அடித்தார்கள் என்றே நம்பியிருந்த அவரோ, நான் பெரியப்பாவை நினைத்துப் பிதற்றுகிறேன் என்று என்னை நெஞ்சோடு சேர்த்து அணைத்து வாயை அடைத்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஒரு ஓட்டோ வந்து நின்றது. முதலில் பெரியம்மா இறங்கினார். பிறகு, அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு பெரியப்பா.

அவர் தறப்பாளைப் பார்த்தார், கதிரைகளைப் பார்த்தார். "ஆர் செத்தது?" என்று கேட்டார்.

நான்தான் அம்மாவின் பிடியை உதறிக்கொண்டு போய், "நீங்கள்தான் பெரியப்பா. நான் மணியைப் பிழையா அடிச்சுப் போட்டன்" என்று சொல்லிக் குழறினேன். அம்மா பூவரசந்தடி முறிக்கப் போவது தெரிந்தது. பெரியப்பா சிரித்தார். நிற்க முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்து சிரித்தார். "பிள்ளைக்கு ஒருத்தரும் கை வைக்கக் கூடாது. வந்த சனம் ஒண்டும் போகவும் கூடாது. மீன் வாங்கிச் சமையுங்கோ" என்றார்.

பிறகு, மரத்துக்குப் பின்னால் ஒளியப் பார்த்த அப்பாவைக் கூப்பிட்டார். "என்ன சொல்லியடா அழுதனி?"

"ஞாயிற்றுக்கிழமை வந்து பாப்பமெண்டு இருந்தனான் அண்ணை."

"எட்டு ஞாயிறு போச்சுது. எந்த ஞாயிறு?"

அப்பா தறப்பாள் கயிற்றின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார்.

"கதைக்கிறதை எனக்குக் கதையன். சவப்பெட்டிக்குச் சொல்லவோ வைச்சிருந்தனி?"

அப்பா அவருடைய காலடியில் மண்ணிலேயே இருந்துவிட்டார். பெரியப்பா அவருடைய தலையில் கையை வைத்தார். அந்தக் கை நெடுநேரம் அப்படியே இருந்தது.

மத்தியானச் சாப்பாடு பின்னேரம் வரை நடந்தது. எழும்பிய ஒவ்வொருவரையும் பெரியப்பா கையைப் பிடித்து இருத்தினார். "இன்னும் கொஞ்சம் இருங்கோ" என்றார். யார் எந்தக் கடலில் அவரோடு நனைந்தார்கள், யார் எந்த முகாமில் அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்கள் என்று ஆளாளாகச் சொல்லி, முகத்தை வடிவாகப் பார்த்த பிறகுதான் விட்டார். எல்லோரும் சிரித்துக்கொண்டு போனார்கள். பெரியம்மா மட்டும் கிணற்றடியில் திரும்பத் திரும்ப முகம் கழுவிக்கொண்டிருந்தார். பயணத் தூசி என்று நினைத்தேன்.

இனி மருந்தில்லை, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்றுதான் ஆஸ்பத்திரியில் பெரியப்பாவை அனுப்பியிருந்தார்கள். அது அவருக்கும் பெரியம்மாவுக்கும் மட்டுமே தெரியும். மாரி தொடங்க முன்னர் அவர் போய்விட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து விட்டுவிட்டார்கள் என்றால் சுகம் என்றுதான் எனக்கு அர்த்தம். பெரியப்பா வந்துவிட்ட சந்தோஷத்தில் நான் மூன்றாவது துண்டு மீனைத் தின்றுகொண்டிருந்தேன். அவர் எல்லோரிடமும் பயணம் சொல்லி விடைபெற்றுக்கொண்டிருந்தார்.