மலை ரயிலைத் தள்ளிய பக்கிரி

தாழங்குடாவில் ஒரு வழக்கம் உண்டு. படகு கடலில் இறங்கும் நேரத்தில் கரையில் யார் நின்றாலும் ஓடிப்போய் ஒரு கை கொடுக்க வேண்டும். பங்காளி, மச்சான், நேற்றுச் சண்டை போட்டவன் என்ற பேச்செல்லாம் அப்போது கிடையாது. கை கொடுத்தவன் வீட்டுக்குக் குழம்புக்கு மீன் வந்துவிடும்.

அந்தக் கரைப்பக்கமே பக்கிரி போகாமல் இருந்ததுதான் அவர் மனைவி குப்புவின் கவலை. மீசை முளைக்காத வயதிலிருந்து கடலுக்குப் போனவர். மகள் மோனிகாவை நர்ஸ் படிக்க வைத்ததும் அந்தக் கடல்தான். போன வருஷம் நெஞ்சுவலி வந்து, சிதம்பரத்தில் ஆபரேஷன் செய்து, மனிதரை முழுசாகத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த டாக்டர்களைச் சாமிக்கு அடுத்தபடியாகக் கும்பிடாத நாளில்லை அவளுக்கு.

ஆனால் கனமாக எதையும் தள்ளக்கூடாது என்று அவர்கள் சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, இவர் வீட்டோடு முடங்கிவிட்டார். குப்புவின் தம்பி அரசு கொடுத்தனுப்பிய மீனைக்கூட, "கை வைக்காதவனுக்கு எதுக்கு மீனு?" என்று திருப்பி அனுப்பினார். கடலோரத்தில் குடியிருந்துகொண்டு தினமும் கத்திரிக்காய்க் குழம்பு வைக்கிற கொடுமையைக் குப்பு யாரிடம் போய்ச் சொல்வாள்?

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மோனிகாதான், "அப்பாவக் கூட்டிக்கிட்டு வாம்மா, மலை ரயில்ல ஊட்டிக்குப் போலாம்" என்று டிக்கெட் போட்டாள். முதுநகர் ஸ்டேஷனில் ஏறியதிலிருந்து மேட்டுப்பாளையம் வரை பக்கிரி, கேட்டதற்கு ஒரு 'ம்' கொட்டியதோடு சரி.

மோனிகாவோடு ஏறிய மலை ரயிலில் இன்ஜின் பின்னால் இருந்தது. புகையும் நீராவியுமாக, பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே மேலே ஏறியது. ஒவ்வொரு பெட்டியின் முன்னாலும் பிரேக் பிடிக்கிறவர் ஒருவர் கொடியோடு நின்றார். பள்ளத்தாக்கைப் பார்த்து எல்லோரும் செல்போனை நீட்ட, பக்கிரி மட்டும் தலையை வெளியே விட்டுப் பின்னாலேயே பார்த்துக்கொண்டு வந்தார்.

"பாவம், அதுக்கு மூச்சு வாங்குது" என்றார். அவராக வாய் திறந்து முதலில் பேசியது அதுதான்.

இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க நடுக்காட்டு ஸ்டேஷன் ஒன்றில் வண்டி நின்றது. இறங்கியவர்கள் எல்லாம் ஏறிவிட்டார்கள். விசில் ஊதியது. இன்ஜின் முக்கி முனகி, பெட்டி லேசாக அசைந்தது. பக்கிரி இன்னும் கீழேதான் நின்றார். குப்பு கூப்பிடுவதற்குள் வேட்டியை மடித்துக் கட்டி, பெட்டியில் இரண்டு கையையும் வைத்துத் தள்ள ஆரம்பித்துவிட்டார்.

குப்புவுக்கு உயிரே போய்விட்டது. தையல் போட்ட நெஞ்சாயிற்றே. பிரேக்காரர் கொடியை ஆட்டி வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி ஓடி வந்தார்.

"பெரியவரே, என்னங்க பண்றீங்க?"

"தள்ளுறேன்" என்றார் பக்கிரி. பிறகுதான் தன் கைகளைப் பார்த்தார். "பழக்கம் தம்பி. தள்ளுறப்ப சும்மா நிக்க முடியல."

பெட்டி முழுக்கச் சிரித்தது. மோனிகா துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். பிரேக்காரர் அவரைக் கைபிடித்து ஏற்றிவிட்டார்.

குன்னூரில் அதே மனிதர் டீயோடு ஜன்னலுக்கு வந்தார். "வண்டி தள்ளுனவருக்குங்க" என்று நீட்டினார். பக்கிரி வெட்கத்தோடு வாங்கிக்கொண்டார். பாதி டீயில் நிறுத்தி, "நா எங்க தள்ளுனேன்? கைதான வச்சேன்" என்றார்.

இதற்காகத்தான் குப்பு இத்தனை மாசமாகக் காத்திருந்தாள். "நம்ம கரையில மட்டும் எல்லாரும் மலையவா பொரட்டுறாங்க? முடியாதவங்க அங்கயும் கைதான வைக்கிறாங்க. ஒன்ன யாருய்யா தள்ளச் சொன்னா?"

அவர் டீயைக் குடித்து முடித்தார். போனை எடுத்து அரசுவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"மச்சான், ஊருக்கு வந்ததும் கரைக்கு வரேன். தள்ள முடியாது. கை மட்டும் வைப்பேன். பரவால்லியா?"

அலைச் சத்தத்துக்கு நடுவே அரசுவின் குரல் வந்தது.

"வா மாமா. நீ நிக்கிற எடத்துல இன்னும் யாரையும் நாங்க நிக்க விடல."

பக்கிரி போனைக் குப்புவிடம் நீட்டினார். "நல்லாயிரு தம்பி. இனிமே மீனு திரும்பி வராது" என்றாள் அவள்.