மணி பத்து பத்து

பௌர்ணமிக்குக் கிரிவலம் போன நான், செருப்பை எங்கே விட்டேன் என்பதை மறந்துவிட்டேன். இந்த ஊரில் மாதாமாதம் பல பேருக்கு நடப்பதுதான். என் மனைவிக்கு மட்டும் அது வியாதியாகத் தெரிந்தது. மறுவாரமே என்னை மூளை டாக்டரிடம் அழைத்துப் போனாள்.

டாக்டர் ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, "ஒரு கடிகாரம் வரைங்க. மணி பதினொண்ணு பத்து காட்டணும்" என்றார். மூளையை அப்படியும் சோதிப்பார்களாம். முப்பது வருஷமாகக் கடைகளுக்குப் போர்டு எழுதுகிறவனிடம் போய்க் கேட்டுவிட்டார். தேரடி வீதியில் கடிகாரக் கடைக்கு வரைந்ததைப் போலவே, நிழலெல்லாம் கொடுத்து வரைந்து தந்தேன்.

"இது பத்து பத்து காட்டுதுங்களே?" என்றார் டாக்டர்.

"நான் தொழிலுக்கு வந்ததுலேர்ந்து கடிகாரப் படம்னா பத்து பத்துதாங்க. ரெண்டு முள்ளும் சமமா நின்னு, பாக்கறதுக்கு சிரிச்ச முகமா இருக்கும். நீங்க சொன்ன மாதிரி வெச்சா மூஞ்சி கோணிக்கும்."

டாக்டர் எதையோ எழுத ஆரம்பித்தார். என் மனைவி பதறிப்போய், "மறதி இல்லைங்க டாக்டர். கல்யாணம் ஆன நாள்லேர்ந்தே இவரு இப்படித்தான். சொன்னதைச் செய்யவே மாட்டாரு" என்றாள்.

டாக்டர் எழுதியதை அடித்துவிட்டு இன்னொரு தாள் கொடுத்தார். வந்த கோபத்தில் அரை நிமிடத்தில் பதினொன்று பத்தைக் கிறுக்கினேன். மூளை நன்றாக இருக்கிறது என்றார்.

அதற்குச் சாட்சியாக ஃபைலில் இருப்பது, என் வாழ்க்கையிலேயே நான் வரைந்த படுகேவலமான கடிகாரம்.